கண்ணை மூடாத ஜெபம்

இந்தப் பையின் மேல் மட்டும் கையை ஊன்றிவிடாதே, அம்மா. உள்ளே ஒரு சின்ன உடுப்பு இருக்கிறது. நேற்றுத்தான் இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்தேன். இரு, நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். நீ தாராளமாக உட்கார். ஜன்னலோரம் உனக்கே இருக்கட்டும். உன் கூடையைக் காலடியில் வை. ஃபிளாஸ்க் இருக்கிறதா? அப்படியானால் கையிலேயே பிடித்துக்கொள். இந்த ரோட்டில் பஸ் தூக்கித் தூக்கிப் போடும்.

திருநெல்வேலிக்கா? நானும் அங்கேதான். பாளையங்கோட்டையில் என் தங்கை இருக்கிறாள். அவளுக்கு முட்டுவலி. பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். முட்டுவலி அவளுக்கு ரொம்ப வருஷமாகவே இருக்கிறது. இருந்தாலும் ஒருநாள் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்?

என்ன இந்தப் பெரியம்மா இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள் என்று பார்க்காதே. ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தங்கப்புஷ்பம் என்று பெயர். கனிவிளையில் இறங்கிப் புஷ்பம் டீச்சர் வீடு என்று கேட்டால் நாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு வழி காட்டும். நீ பொட்டு வைத்திருக்கிறாய். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கிழமை, அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. ஞாயிறு காலையில் ஒரு வேதக்காரி, அதாவது கிறிஸ்தவப் பொம்பளை, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், ஒன்று அவள் சொந்தத்தில் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கே பித்துப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. விவரம் தெரிந்த நாள்முதல் நான் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை. அம்மை போட்டிருந்த வருஷம்கூட, கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பிரசங்கம் கேட்டேன். இன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்கு யார் காரணம் என்கிறாய்? ஒரு ஆப்பக்கடைக்காரி.

என் போன்தான் அடிக்கிறது. அடிக்கட்டும். மகளாக இருக்கும்.

தெய்வபயம் என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தான் படித்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கோழி கூவும் முன்னால் எழுந்து, முகம் கழுவி, முக்காடு போட்டு, வெறுந்தரையில் முழங்கால் போடுவேன். பாய்கூட விரிப்பதில்லை. ராஜாவின் முன்னால் நிற்கிறவன் மெத்தை கேட்பானா? ஒரு வாய் காப்பி குடித்தாலும் கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவேன். வேதத்தின் மேல் வேறு புத்தகத்தை வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை பச்சைத்தண்ணீர் கிடையாது. என் முழங்காலை நீ பார்க்க வேண்டும், காய்த்துக் கறுத்து ஆமை ஓடு மாதிரி இருக்கும்.

அதனால்தான் ஊரே என் வாசலுக்கு வந்தது. பரீட்சை வந்தால் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நிற்பார்கள். அதை வாங்கி வேதத்துக்குள் வைத்து, பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவேன். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் சாவி முதலில் என் கைக்கு வரும், பிறகுதான் வண்டிக்குப் போகும். வெளிநாட்டுக்குப் போகிறவன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவருவான். ஆண்டவர் நல்லது செய்துவிட்டால், வருஷக் கடைசியில் ஸ்தோத்திர ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுவார்கள். "புஷ்பம் டீச்சர் முழங்கால்ல நின்னாங்க, ஆண்டவர் இரங்குனாரு" என்பார்கள். "என் பெயரைச் சொல்லாதீர்கள், மகிமை அவருக்கே" என்று ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். சொன்னாலும் கேட்கமாட்டார்கள். தபால்காரர் மகன் ஆசீர் ஒருவன்தான் கேட்டான். என் பெயரைச் சொல்லாமலே சாட்சியை முடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவனோடு எனக்குப் பெரிய பழக்கமில்லை.

அந்த ஆப்பக்கடைக்காரி செல்லக்கனி எங்கள் ஊர்க்காரி இல்லை. உடன்குடிப் பக்கத்திலிருந்து வாழவந்தவள். கட்டினவன் குடித்தே போய்ச்சேர்ந்தான். அதற்குப் பிறகு கோயிலுக்கு நேர் எதிரே ஓலைச் சாய்ப்பு இறக்கி ஆப்பக்கடை போட்டாள். எழுத்து வாசனை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு முடிந்த பிறகுதான் கோயிலுக்குள் வருவாள், முழங்கை வரைக்கும் மாவு. வாசலோரம் கடைசிப் பாயில் உட்காருவாள். நாங்கள் ஒரு ராகத்தில் பாடினால் அவள் ஒரு ராகத்தில் பாடுவாள். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நடுவில் உதடு அசையும், சத்தம் வராது. எந்தப் பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறது என்று ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தெரியாதா?

அவளிடம் ஜெபம் கேட்க ஆரம்பித்த கதையைக் கேள். ஒருநாள் காலையில் லோடு ஆட்டோ ஓட்டுகிற சாமுவேல்துரை அங்கே ஆப்பம் தின்ன உட்கார்ந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி பிரசவ வலியோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உள்ளே இவனை விடவில்லை, பசி வேறு, ஊருக்கு வந்துவிட்டான். தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தவனிடம் என்ன ஏது என்று இவள் விசாரித்திருக்கிறாள். சொன்னான். அவ்வளவுதான். கையில் அகப்பையோடு நிமிர்ந்து, கூரையைப் பார்த்து, "ஏ ஆண்டவரே, அந்தப் பிள்ள பயந்துபோய்க் கெடக்கும், கொஞ்சம் பக்கத்துல இரும்" என்றாளாம். அடுத்த மூச்சிலேயே, "துரை, தேங்காப்பால் விடவா?" என்றாளாம். அவன் அந்த ஆப்பத்தைத் தின்று முடிக்கும் முன்னால் போன் வந்துவிட்டது. ஆண் பிள்ளை.

இதில் என்ன இருக்கிறது, நீயே சொல். பத்து மாதம் முடிந்தால் பிள்ளை பிறக்காமல் என்ன செய்யும்? அதோடு, அந்தப் பெண்ணுக்காக அதற்கு முந்தின வாரமே நான் முழங்காலில் நின்றிருக்கிறேன். உழுது விதைத்தது நான். அகப்பையோடு வந்து அறுத்துக்கொண்டு போனது அவள்.

துரை அதோடு விட்டானா? ஆட்டோ போகிற ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். பிறகென்ன, வயிற்றுக்கும் ஆப்பம், மனசுக்கும் ஜெபம் என்று கூட்டம். ஆடு காணாமல் போனவன், கலியாணம் தட்டிப்போனவள், கடனில் இருக்கிறவன், எல்லாரும் அந்தப் பெஞ்சில்தான். அந்த வருஷம் பரீட்சை வந்தது. நான் அதிகாலையில் எழுந்து குளித்து, முக்காடு போட்டு, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் என் வீட்டு வாசலைக் கடந்துதான் போனார்கள். "குட்மார்னிங் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ஹால் டிக்கெட்டில் ஆப்ப எண்ணெய் பட்டிருக்கும், வேறென்ன!

ஒருநாள் நேரிலேயே போய்ப் பார்த்தேன். பொறாமை என்று நினைத்துவிடாதே. சபையில் நல்லது கெட்டது சொல்லும் பொறுப்பு எனக்கு இருக்கிறது. பெஞ்சு நிறைய ஆட்கள். ஒருத்தி மகன் படிக்கவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். செல்லக்கனி ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்த்தபடியே ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"செல்லக்கனி, ஜெபம் பண்ணும்போது கண்ணை மூட வேண்டாமா?" என்று கேட்டேன்.

"கண்ண மூடுனா ஆப்பம் கருகிப்போகுமே, டீச்சர்."

பெஞ்சே சிரித்தது.

"முக்காடாவது போட்டுக்கொள்ளலாமே?"

"அடுப்பு பத்திக்கிடும். அப்புறம் எனக்கு ஆரு ஜெபம் பண்ண? நீங்கதான் வரணும்."

மறுபடியும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. "ஆண்டவரை 'ஏ' என்று கூப்பிடலாமா?" என்றேன்.

"வேத்தாளா டீச்சர் அவரு?" என்றாள். பிறகு சட்டியை இறக்கி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "டீச்சர், உங்களுக்கு என்ன வேணும்?"

இப்படி ஒரு கேள்வியா என்னைப் பார்த்து? ஊருக்கெல்லாம் கேட்டு வாங்கிக் கொடுத்தவளைப் பார்த்து? "எனக்கு ஒன்றும் வேண்டாம். ரெண்டு ஆப்பம் கொடு, போதும்" என்றேன்.

கொடுத்தாள். ஆப்பம் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு மாதிரி. ஆனால் ஆப்பம் நன்றாக இருந்தால் ஜெபமும் நன்றாக இருக்கும் என்று ஆகிவிடுமா?

ஐயரிடம் போனேன். ஐயர் என்றால் பூணூல் போட்டவர் இல்லை. எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் சொல்லுவோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க ஜெபத்துல தப்பான உபதேசம் ஏதாவது இருக்கா, டீச்சர்?" என்றார்.

"உபதேசமே இல்லையே ஐயா, பிறகு தப்பு எங்கே இருக்கும்?" என்றேன்.

சிரித்துக்கொண்டார். மேஜையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. பிரிக்காமலே தேங்காய்ப்பால் வாசனை வந்தது. பிறகு அவர் எப்படி வாயைத் திறப்பார்?

மறுபடியும் போன். மகளுக்கு விடாப்பிடி, என்னை மாதிரி. இந்தப் போனின் வாயைக் கட்டி வைக்கிறேன், இரு. இதில் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. போகட்டும், அடித்து ஓயட்டும்.

நீ ஏன் ஒவ்வொரு மேட்டுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாய்? சூட்டுவலியாக இருக்கும். இளநீர் குடி, சரியாகிவிடும். எங்கே விட்டேன்? ஆமாம், மகள்.

பியூலா எனக்கு ஒரே பிள்ளை. பக்கத்துத் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மருமகன் ஆல்வின் நல்ல பையன். ஆனால் கலியாணமாகி வருஷங்கள் போயும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அவளுக்காக நான் நின்ற முழங்காலை அந்தத் தரைதான் அறியும். தினமும் சாயங்காலம் அவளை வரவழைத்து, பக்கத்தில் முழங்கால் போடவைத்து, தலையில் கை வைத்து ஜெபிப்பேன். கடைசியில் ஆண்டவர் கண்ணைத் திறந்தார். பெண் குழந்தை. மூக்கு அப்படியே என் மூக்கு.

ஸ்தோத்திர ஆராதனையில் பியூலா சாட்சி சொல்ல எழுந்தாள். நான் முன்வரிசையில் இருந்தேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். நம் பெயர் வருகிற நேரத்தில் தலை குனிந்திருந்தால்தான் பார்க்க அடக்கமாக இருக்கும். அவள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். டாக்டருக்குச் சொன்னாள். "எல்லாரும் எனக்கு இனி இல்லன்னு முடிவு பண்ணுன நேரத்துல, தெனமும் காலையில எங்கூட நின்ன செல்லக்கனி அக்காவுக்கு நன்றி" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

குனிந்த தலையை எப்போது நிமிர்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உனக்கு ஆப்பமே பிடிக்காதே?"

"பிடிக்காதும்மா. ஆனா தெனமும் போனேன்."

"பெற்றவள் ஒருத்தி இங்கே முழங்கால் தேய நிற்கிறேன். அவளிடம் அப்படி என்ன கண்டாய்?"

"கோவப்படாம கேளு. உன்கிட்ட ஒண்ணு சொல்ல வந்தா, பாதியிலயே நீ கண்ண மூடிருவ. செல்லக்கனி அக்கா மூட மாட்டா. சொல்லி முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பாத்துட்டிருப்பா."

கேட்டாயா கொடுமையை? ஜெபம் என்றால் கண்ணை மூடத்தானே வேண்டும்? இது ஒரு குற்றமா?

அதோடு போயிருந்தால் நான் பொறுத்திருப்பேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்தார்கள். எங்களில் அதற்கு ஞானத்தாய் என்று ஒருத்தி நிற்பாள். குழந்தைக்கு வாய் பேச வராது இல்லையா? அதற்குப் பதிலாக இவள் குழந்தையைக் கையில் ஏந்தி, ஐயர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் ஆண்டவர் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். லேசான பொறுப்பு இல்லை. பெற்றவளின் தாயே நிற்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான் ஒரு வெள்ளைச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டேன். பியூலா வந்தாள். "செல்லக்கனி அக்காவக் கேட்டிருக்கேம்மா" என்றாள்.

இன்னும் கேள். ஐயர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. கேள்வி பதிலை நீங்கதான் சொல்லிக்குடுக்கணும், டீச்சர்" என்றார். என்னை! அவளுக்கு! வேறு யாராவது இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார்கள். நான் கீழ்ப்படிந்தேன். ஐயர் வாயிலிருந்து வந்தால் எனக்கு அது கட்டளை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு என் வீட்டுக்கு வருவாள், வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, சுவரோரம் ஒட்டி உட்காருவாள். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுவாள். மக்கு இல்லை. அதையும் மறுக்கமாட்டேன்.

கடைசிக் கேள்வியில் வந்து நின்றது. வாழ்நாள் முழுவதும் ஆண்டவருடைய சித்தத்துக்குக் கீழ்ப்படிந்து நடப்பாயா என்று ஐயர் கேட்பார். நடப்பேன் என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

"சொல்லு. நடப்பேன்."

"பாக்கேன், டீச்சர்."

"பார்க்கிறேன் இல்லை. நடப்பேன்."

"எப்படி டீச்சர் அடிச்சுச் சொல்ல? முந்தாநாள்கூட மாவுல தண்ணியக் கூட ஊத்திட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வித்தேன். அவரு பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு? நாளைக்கு என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. அதுவும் அந்தப் பச்சப்பிள்ளையக் கையில வச்சுக்கிட்டு, அவரு முன்னால நின்னு பொய்யா ஒரு வார்த்த சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

படிப்பில்லாதவர்களுக்கு இப்படித்தான், எதைக் கண்டாலும் பயம். நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்றிருக்கிறேன். "நடப்பேன்" என்று கோயில் எதிரொலிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் எனக்குப் பயம் வந்ததில்லை. தெரிந்த பாடத்துக்கு யாராவது பயப்படுவார்களா?

மறுநாளே ஐயரிடம் போய், அவளுக்குக் கடைசிப் பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியது கடமை இல்லையா? அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். "அப்படியா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளை எப்படித் தள்ளுவது என்று யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கமே அவள் சொன்ன அந்தப் பயம்தான்! பெயரைச் சொல்லவில்லை, மாவையும் சொல்லவில்லை. ஆனாலும் ஊருக்குத் தெரியாதா? கொண்டுபோய்க் கொடுத்தது நான். மாலை விழுந்தது அவள் கழுத்தில்.

இன்றைக்குத்தான் அந்த ஞானஸ்நானம். ஆமாம், இன்றைக்கேதான், ஒன்பதரை ஆராதனையில். இந்தப் பையில் இருக்கிறதே, அதுதான் குழந்தைக்குப் போட வேண்டிய உடுப்பு. என் கலியாணச் சேலையின் முந்தானையில் தைத்தது. பியூலா இதைப் போட்டுக்கொண்டுதான் ஞானஸ்நானம் வாங்கினாள், என் தங்கை பிள்ளைகளும் அப்படித்தான். நேற்று பியூலா, "உடுப்ப மறந்திராதம்மா" என்றாள். மறக்கமாட்டேன் என்று சொன்னேன். மறந்தேனா? இதோ, என் மடியில்தான் இருக்கிறது. நான் பொய் சொல்லுகிறவள் இல்லை.

அவள் கையில் என் பேத்தி, என் உடுப்போடு. அவள் வாய் அந்தக் கடைசிப் பதிலைத் தடுமாறித் தடுமாறிச் சொல்ல, நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு எல்லாரும் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுவார்கள்.

காலையில் வழக்கம்போல முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, உம்முடைய சித்தம் எதுவோ அதுவே ஆகட்டும்" என்றேன். எழுந்து வெளியே வந்தால் ரோட்டில் பஸ் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு எங்கள் ஊரில் ஒருநாளும் பஸ் நின்றதில்லை. இன்றைக்கு நின்றது. அதற்கு என்ன அர்த்தம்? அவர் அனுப்பாமல் வந்திருக்குமா? ஏறிவிட்டேன்.

உடுப்பைப் பார்க்கிறாயா? பார், இந்த ஓரத்துச் சரிகை இன்னும் கறுக்கவில்லை. கை எவ்வளவு சின்னதாக இருக்கிறது பார், என் ரெண்டு விரல்தான் நுழையும்…

ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்? தூசி விழுந்துவிட்டதா?

அழுகிறாயா? எதற்கு? நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?

அந்த ஃபிளாஸ்கில் என்ன? பாலா? ஆஸ்பத்திரிக்கா? ஆஸ்பத்திரியில் யாருக்குப் பால்?

உன் பாலா?

ஐயோ, என் தாயே. பெற்ற உடம்போடா இந்த பஸ்ஸில் வருகிறாய்? நான் இளநீர் குடி என்கிறேனே! எத்தனை நாள் குழந்தை? கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயா? உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதை மட்டும் வைத்திருக்கிறார்களா? வீட்டுக்காரர் அங்கே இருக்கிறாரா? சரி. என்ன எடை? அழாதே. பெயர் வைத்தாகிவிட்டதா? இன்னும் வைக்கவில்லையா? வைக்கலாம், வைக்கலாம், அதற்கென்ன. திசையன்விளையிலிருந்து இவ்வளவு நேரமும் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வருகிறேன், நீயும் கேட்டுக்கொண்டே வருகிறாயே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்ல வந்தாயா? எப்போது? கவனிக்கவில்லை.

என்ன? ஜெபமா? நானா? உன் குழந்தைக்கா?

பண்ணுகிறேன். பண்ணாமல் என்ன? இதற்காகத்தானே நான்… யாரும் கேட்டு எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? இரு, முக்காடு போட்டுக்கொள்கிறேன். பஸ்ஸில் முழங்கால் போட முடியாது, அவர் மன்னிப்பார். உன் பெயர் என்ன? இசக்கியம்மாளா? சரி, இசக்கி, கண்ணை மூடு.

வானத்தையும் பூமியையும் உண்டாக்கின எங்கள் பரம தகப்பனே. உம்முடைய அடியாளாகிய நான், தூளும் சாம்பலுமாகிய நான், உம்முடைய மகத்துவமான சமுகத்தில்…

உம்முடைய மகத்துவமான சமுகத்தில்…

இரு. இன்னொரு தடவை ஆரம்பிக்கிறேன். வானத்தையும் பூமியையும்…

வரவில்லை, இசக்கி. கண்ணைத் திறந்துவிட்டேன், அதுதான் தப்பு. உன் முகத்தைப் பார்த்துவிட்டேன். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மகத்துவமான சமுகம் என்று எப்படிச் சொல்லுவது? ஒருநாளும் இப்படி ஆனதில்லை எனக்கு. மனப்பாடம் எல்லாம் இருக்கிறது. வாயில் வரமாட்டேன் என்கிறது.

போன் அடிக்கிறது. இரு.

பியூலா? ஆமாம், நான்தான். கத்தாதே. பஸ்ஸில் இருக்கிறேன். நாங்குநேரி வரப்போகிறது. உடுப்பு என்னிடம்தான் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. என்ன? யார்? எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?

கேட்டாயா, இசக்கி? "டீச்சர் வராம நான் பிள்ளையத் தொட மாட்டேன்" என்று செல்லக்கனி கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாளாம். அவளுக்காக ஐயர் ஞானஸ்நானத்தை ஆராதனையின் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். பார்த்தாயா, இதிலும் அவளே முந்திக்கொண்டாள்!

பியூலா, போனை அவளிடம் கொடு. ஆமாம், அவளிடம்தான். கொடு என்றால் கொடு.

செல்லக்கனி, டீச்சர் பேசுகிறேன். திட்டுவதற்கு இல்லை. நீ படியைவிட்டு எழுந்திரு முதலில், கல் சுடும். இங்கே ஒரு பிள்ளை இருக்கிறாள். இசக்கியம்மாள். பெற்ற குழந்தை பெட்டிக்குள் இருக்கிறது. நான் பண்ணியிருப்பேன், எனக்கு இங்கே பஸ் சத்தத்தில்… இல்லை. பஸ் சத்தம் இல்லை. நீயே கேட்டுக்கொள், அவளே சொல்லுவாள்.

இந்தா, இசக்கி, பிடி. பேசு. கண்ணை மூட வேண்டாம். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே பேசு. உள்ளதைச் சொல்லு, அவளுக்கு அது போதும்.

கண்டக்டர் தம்பி, நாங்குநேரியில் என்னை இறக்கிவிடப்பா. ஆமாம், திருநெல்வேலிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். என் தங்கைக்கு முட்டுவலி சரியாகிவிட்டது. திரும்பிப் போக பஸ் எந்தப் பக்கம் நிற்கும்? எதிரேயா? சரி.

இன்னுமா பேசுகிறாள்? என்னதான் கேட்கிறாள் உன்னிடம், இவ்வளவு நேரமாக? நீயும் எல்லாவற்றையும் கொட்டுகிறாயே. என்னிடம் ரெண்டு வார்த்தைதான் சொன்னாய்… பேசு, பேசு, நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஸ்டாப் இல்லாவிட்டால் அடுத்த ஸ்டாப். ஐயர் பிரசங்கத்தை இழுத்துப் பிடிப்பார்.

சிரிக்கிறாயே! என்ன சொன்னாள்? ஆண்டவரிடம் என்ன சொன்னாள்? போனைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பு.

இத்தனை வருஷத்தில், இசக்கி, என் வாசலில் எத்தனை பேர் வந்து நின்றார்கள். எனக்காக ஒருத்தரும் இப்படி…

முடிந்ததா? வைத்துவிடாதே. வைத்துவிடாதே, என்னிடம் கொடு. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். ரெண்டு ஆப்பம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை.